ஆறாம் எண் ஆட்டக்காரியின் குடல்வால்

மேரிபோர்ட்,
செவ்வாய்க்கிழமை. மழை.

அன்பும் பாசமும் நிறைந்த தங்கை பெவர்லிக்கு,

அக்கா ஐலீன் எழுதிக்கொள்வது. ஆஸ்திரேலியாவில் நீயும் வெய்னும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் டெரிக்கும் நலம் என்று எழுதுவதுதான் மரியாதை என்பதால் அப்படியே எழுதுகிறேன். டெரிக்கின் முழங்காலைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும். கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய கடற்கரைத் துண்டு கிடைத்தது, நன்றி. அதை விரித்துப் படுக்க இங்கே ஒரு நாள் வாய்த்தால் அவசியம் தெரிவிக்கிறேன்.

இது நல்ல சேதி கொண்டுவரும் கடிதம் இல்லை, அதனால் உட்கார்ந்து படி. முதலில் பாலின் போய்விட்டாள். நம் ரக்பி அணியின் முன்வரிசை பாலின்தான், பிப்ரவரியில், நுரையீரல். தன் பெட்டியைத் தன் அணிக்காரிகள்தான் தூக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தாள். தோள்கோத்துத் தள்ளும் ஸ்க்ரமுக்கும் ஆறு பேர், பெட்டிக்கும் ஆறு பேர், கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு பேருக்கும் சேர்த்து நான்கு நல்ல முழங்கால்தான் தேறும். அதிலும் கிளெனிஸும் லோரேனும் 1989-லிருந்து பேசிக்கொள்வதில்லை, அவர்கள் இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தும்படி ஆகிவிட்டது. கோவில் வாசலில் ஆளுக்கு ஒரு காலை முன்னே வைத்து, பெட்டி ஒரு பக்கமாய்ச் சாய, கிளெனிஸ் பழைய ஞாபகத்தில் "குனிங்கடி! சேர்ந்து தள்ளுங்கடி!" என்று ஒரு கத்து கத்தினாள் பார், போதகர் கையிலிருந்த புத்தகம் விழுந்துவிட்டது. நாங்களும் பழைய ஞாபகத்தில் தள்ளிவிட்டோம். பாலின் வாழ்நாளில் அத்தனை வேகமாக எந்தக் கோட்டையும் தாண்டியதில்லை.

அதைப் பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜேட் என்று பெயர், முப்பது வயதுகூட இருக்காது, மாவட்ட ரக்பி லீக் சங்கத்தில் வேலை. சடங்கு முடிந்து பன்றி இறைச்சி சாண்ட்விச் தின்றுகொண்டிருக்கும்போது என்னிடம் வந்து, "மிஸஸ் ஸ்டீல், உங்க அணியைப் பத்தி எங்க ஆபீஸ்ல ஒரு வரி கூட இல்லீங்க. ஆம்பளைங்க ஆடினதுக்கு ஏழு புஸ்தகம் இருக்கு. நீங்கதானே மேனேஜர்? நீங்க எழுதுங்களேன்" என்றாள். செப்டம்பரில் விழா, ஆடிய ஒவ்வொருத்திக்கும் முதல் ஆட்டத்தின் வரிசைப்படி ஓர் எண்ணும், அந்த எண் தைத்த தொப்பியும் கொடுப்பார்களாம். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தெட்டு வருடம் உருளைக்கிழங்கு மசித்தவளிடம் போய் வரலாறு எழுது என்றால் மறுக்க வேண்டாமா? மறுக்கவில்லை. துக்க வீட்டில் யாரும் எதையும் மறுப்பதில்லை.

எழுத உட்கார்ந்த நாள் முதல் கஷ்டகாலம். சோல்வே கரை மகளிர் தேர்வணியின் கூட்டக் குறிப்பேடுகள் மூன்றும் கிளப்பின் கீழறையில் பத்திரமாக இருக்கின்றன என்று அத்தனை வருடமும் நம்பியிருந்தேன். இறங்கிப் பார்த்தால் அவற்றில் இரண்டு, பீர் பீப்பாய்க்கு அடியில் முட்டுக் கொடுத்தபடி இருந்தன, மூன்றாவதில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. பார்க்காரர், "எடுத்துறாதீங்கம்மா, பீப்பா ஆடும்" என்கிறார். அணியின் ஒரே புகைப்படம் டெரிக் எடுத்தது, அதில் நான்கு பேர் முகத்தின் மேல் டெரிக்கின் கட்டைவிரல். அந்த நான்கு பேரில் ஒருத்தி நான். சரி, ஞாபகத்திலிருந்து எழுதலாம் என்றால் ஞாபகமே தலைகுனிய வைக்கிறது. ஐந்து ஊர்க் கிளப்புகளிலிருந்து சிறந்தவர்களைப் பொறுக்கியெடுத்த அணி என்று கம்பீரமாக ஆரம்பித்தேன், ஆனால் 1986-ல் அந்தத் தேர்வு நாளுக்கு அடைமழையில் வந்தது பதினேழு பேர், தேர்வானது பதினேழு பேர், அதில் ஒருத்தி பஸ் வரும்வரை ஒதுங்க வந்தவள். ஆண்களின் இரண்டாம் அணி கழித்துப்போட்ட ஜெர்சி நம் முழங்கால் வரை தொங்கியது உனக்கும் நினைவிருக்கும். முதல் ஆட்டத்துக்கு வந்த நடுவர் நம்மையெல்லாம் பார்த்துவிட்டு, "சரி, ஆட்டக்காரங்க எப்ப வருவாங்க?" என்று கேட்டாரே, அதையும் எழுதினேன். மொத்தம் ஒன்பது ஆட்டம், எட்டுத் தோல்வி. அந்த ஒரு வெற்றியும் எதிரணியின் பஸ் வழியில் ஷாப் மலைப்பாதையில் பனியில் மாட்டி, அவர்களில் ஒன்பது பேர் மட்டும் பின்னால் வந்த காய்கறி லாரியில் ஏறி வந்து சேர்ந்த நாளில் கிடைத்தது. பதின்மூன்று பேராக நின்று ஒன்பது பேரைப் பத்துக்கு எட்டு என்று வென்றோம். அன்றைக்குக் கடைசி நிமிடத்தில் நீ மூன்று பேரை ஏமாற்றிவிட்டு ஓடாமல் இருந்திருந்தால் அதுவும் இல்லை.

அதைத்தான் சொல்ல வருகிறேன். எதை எழுதினாலும் கடைசியில் நீ வந்து நிற்கிறாய்.

1989 ஏப்ரல், யார்க்‌ஷயர் ஆட்டம். அந்தப் பக்கத்துக்கு வந்ததும் என் பேனா நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை உன்னை எழுப்ப வந்தால் கட்டில் காலி. தலையணை மேல் ஒரு சீட்டு: "அக்கா, மன்னிச்சுடு. நேர்ல சொன்னா போக விடமாட்ட. ஆறாம் நம்பர் ஜெர்சியத் துவைச்சு வச்சிருக்கேன்." அவ்வளவுதான். அம்மா போனபோது உனக்குப் பன்னிரண்டு வயது, உன்னை வளர்த்தவள் நான், உனக்கு முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவள் நான், நீ ஆஸ்திரேலியா போகிறாய் என்று ஒரு ஜெர்சி மூலம் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. மத்தியானம் ஒரு மணிக்கு உடை மாற்றும் அறையில் பன்னிரண்டு முகங்கள் என்னைப் பார்த்து, "பெவ் எங்கே?" என்றன. என் தங்கை எங்களைவிட வெய்ன் என்கிற ஓர் எலக்ட்ரீஷியனைப் பெரிதாக நினைத்து ஓடிப்போய்விட்டாள் என்று சொல்ல நாக்கு வரவில்லை. "குடல்வால்" என்றேன். "விடியக்காலைல வலி தாங்கல. ஆபரேஷன்."

ஆகவே உனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிவிக்கிறேன்: உனக்கு 1989-ல் குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்தது. பொய் என்பது சும்மா இருக்காது பெவ், அதற்குப் பசிக்கும். திங்கட்கிழமை அவர்கள் திராட்சைப் பழத்தோடு பார்க்க வருகிறோம் என்றார்கள், உன்னை ஓய்வுக்காகப் பாரோ ஊரில் ஒரு சித்தி வீட்டுக்கு அனுப்பினேன். நமக்குப் பாரோவில் சித்தி கிடையாது. ஒரு மாதம் கழித்து ஏன் திரும்பவில்லை என்று கேட்டபோது புண் ஆறவில்லை, வெயில் ஊருக்குப் போகச் சொல்லி டாக்டர் சொன்னார் என்றேன். 2004-ல் நீ வெய்னோடு வந்தாயே, நான்கு நாளும் உன்னை ஏரி ஏரியாகக் கூட்டிப்போய், நீ பிறந்து வளர்ந்த மாவட்டத்தையே உனக்குச் சுற்றிக் காட்டினேனே, எதற்கு என்று நினைத்தாய்? கிளெனிஸ் கண்ணில் நீ பட்டால் தழும்பைக் காட்டச் சொல்லிச் சட்டையைத் தூக்கிவிடுவாள் என்கிற பயத்தில்.

அன்று உன் இடத்தில், ஓரத்தில் ஓடும் விங்கர் லோரேனை நிறுத்தினேன். கிளெனிஸ் எறிந்த முதல் பந்தே அவள் கையிலிருந்து நழுவிற்று. 58-0 என்று தோற்றோம். அது யார் தப்பு என்று கேட்கப்போய்த்தான் இந்தக் கிழவிகளின் சண்டையில் மறுபடி மாட்டினேன். லோரேன், "நான் தவற விட்டேனா? அவ என்ன பாஸா குடுத்தா? மீன் கூடையைத் தூக்கி எறியற மாதிரி எறிஞ்சா. போய்ச் சொல்லு அவகிட்ட" என்றாள். போய்ச் சொன்னேன். மீன்கடையில் கிளெனிஸ் மீன் வெட்டும் கத்தியை வைக்காமலே, "கையில வெண்ணெய் தடவிட்டு வந்தவளுக்கு மீன் என்ன, குழந்தையக் குடுத்தாலும் கீழதான் போடுவா. போய்ச் சொல்லு" என்றாள். இப்படி மூன்று தடவை மழையில் நடந்தேன்.

அந்த ஆட்டத்தோடு அணி செத்தது. அடுத்த வாரமே மைதானம் கிடையாது என்று ஆண்கள் கமிட்டி சொல்லிவிட்டது. முப்பத்தாறு வருடமாக, யார் மேலும் குற்றம் இல்லை, காலம் அப்படி என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வருகிறேன். மனதுக்குள் அந்தக் குற்றத்துக்கு ஒரு பெயர் இருந்தது. அது எந்தப் பெயர் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குடல்வால் என்றே எழுதிக் கொடுத்த பிரதியைப் போன வாரம் ஜேட் படித்துவிட்டு, "மிஸஸ் ஸ்டீல், இது எந்த ஆஸ்பத்திரின்னு ஒரு வார்த்தை போடலாமே? ஆதாரம் இருந்தா நல்லாருக்கும்" என்றாள். பென்சிலை வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு எழுபது வயது. என்னால் இன்னொரு ஆஸ்பத்திரி கட்ட முடியாது பெவ். அன்றைக்கே அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, "ஆறாம் எண் ஆட்டக்காரி, மேனேஜரின் தங்கை, ஆட்டத்துக்கு முந்தைய இரவு யாரிடமும் சொல்லாமல் ஓடிப்போனார். மேனேஜர் அணியிடம் பொய் சொன்னார்" என்று எழுதிவிட்டேன். வியாழக்கிழமை மத்தியானம் கிளப்பில் மிச்சம் இருப்பவர்களையெல்லாம் உட்கார வைத்து உரக்கப் படிக்கப்போகிறேன். சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதன் பிறகு என்னோடு யாரும் பேசுவார்கள் என்று தோன்றவில்லை, என் பெட்டியைத் தூக்கவும் ஆள் இருக்காது. உன் தொப்பியை அனுப்ப வேண்டாம் என்று ஜேட்டிடம் சொல்லிவிட்டேன். விழாவுக்கு உனக்கும் அழைப்பு வந்திருக்கும். வராதே. இந்தக் கடிதத்துக்குப் பதிலும் எழுத வேண்டாம்.

வெய்னுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அன்பு முத்தம். ஆண்டவர் உங்கள் வீட்டையும் உங்கள் ஊர் வெயிலையும் காப்பாராக. டெரிக் விசாரித்ததாக எழுதச் சொன்னார், எதற்கோ இருமினார்.

இப்படிக்கு, உன்மேல் கோபம் ஆறாத,
அக்கா ஐலீன்

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை): தபால்தலை தீர்ந்துபோனதால் கடிதம் இன்னும் மேஜை மேல்தான் இருக்கிறது. அதைக் கிழித்துப்போடத்தான் வேண்டும், ஆனால் எழுதிய கைவலிக்காக அனுப்புகிறேன். நேற்றுப் படித்தேன். "யாரிடமும் சொல்லாமல்" என்ற இடத்துக்கு வந்ததும் கிளெனிஸ், "நிறுத்துடி. அது தப்பு, மாத்து" என்றாள். "எது தப்பு?" என்றேன். "யார்கிட்டயும் சொல்லாமன்னு போட்டிருக்கியே. கார்லைல் ஸ்டேஷனுக்கு அவள என் மீன் வண்டியில ஏத்திட்டுப் போனது யாருன்னு நினைச்ச? பொண்ணு நாறிப்போய்த்தான் ரயில் ஏறிச்சு." லோரேன் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "நானும் பாலினும் பின்னால ஐஸ் பெட்டி மேல உக்காந்திருந்தோம். உன் தங்கச்சி வழியெல்லாம் அழுதா. உன்னை நினைச்சுத்தான்" என்கிறாள். பன்னிரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது! பிறகு ஏன் அன்றைக்கு "பெவ் எங்கே" என்று கேட்டீர்கள் என்றேன். "நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான். நீ குடல்வால்னு சொன்னப்ப உன் மூஞ்சி இருந்த இருப்புக்கு, யாருக்குடி மனசு வரும் உண்மையச் சொல்ல? சரி, அவளுக்கு அது நிம்மதின்னா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டோம்" என்றாள் கிளெனிஸ். நான் அவர்களிடமிருந்து காத்த ரகசியத்தை அவர்கள் என்னிடமிருந்து காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இல்லாத புண்ணுக்குத் திராட்சை வேறு கொண்டுவந்தார்கள், நான் தின்றேன். அவர்களுக்குத் தெரியும் என்பது உனக்கும்தான் தெரியும், நீயும் வாய் திறக்கவில்லை! வீட்டுக்கு வந்து டெரிக்கிடம் சொன்னால், அவர் பேப்பரை இறக்காமல், "அன்னிக்கு வழிக்குச் சாண்ட்விச் கட்டிக் குடுத்ததே நான்தான். சீஸும் ஊறுகாயும்" என்கிறார்.

உன்னால்தான் அணி செத்தது என்று சொன்னபோது மட்டும் லோரேனுக்குக் கோபம் வந்தது. "அவ வந்திருந்தா என்னடி ஆயிருக்கும்? அம்பத்தெட்டுக்கு நாலு. அவ்வளவுதான். மைதானத்த அவங்க பிப்ரவரியிலயே பிடுங்க முடிவு பண்ணிட்டாங்க. எனக்கு வயித்துல மூணு மாசம். பாலினோட மில்ல மூடிட்டாங்க. ஒரு பொண்ணு போனதால சாகற அணியா நம்மது?" என்று சொல்லிவிட்டு, முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவையாகக் கிளெனிஸைப் பார்த்து, "நீயே சொல்லு" என்றாள். கிளெனிஸும் சொன்னாள். அப்புறம் உடனே பாஸ் விஷயத்தில் சண்டை போட்டுக்கொண்டார்கள், ஆனால் இந்தத் தடவை நேருக்கு நேர், நான் நடக்க வேண்டியிருக்கவில்லை.

வரலாற்றில் என்ன போடுவது என்று கை தூக்கச் சொன்னேன். ஐந்துக்கு ஒன்று. குடல்வால்தான் ஜெயித்தது. அந்த ஒன்று நான். "அம்பது வருஷம் கழிச்சு யாராவது படிச்சா, மேனேஜர் பொய் சொன்னான்னா இருக்கணும்? போடி" என்று என் பக்கத்தைக் கிழித்துத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்துவிட்டார்கள். ஜேட் கேட்டதற்கு, எந்த ஆஸ்பத்திரி என்று கிளெனிஸே ஒரு பெயர் சொன்னாள். அப்படி ஓர் ஆஸ்பத்திரி இந்த மாவட்டத்திலேயே கிடையாது.

ஆகவே நீ செப்டம்பரில் வரத்தான் வேண்டும். உன் தொப்பி எண் ஆறு. மேடை ஏறும்போது வலப்பக்கத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு நட.