ஒருவேளை மேடமும் ஒரு செம்புச் சுரங்கமும்

நல்ல செய்தி சொன்னால் முகம் வாடிப்போகிற ஒரே ஜீவன் இந்த உலகத்தில் ‘ஒருவேளை மேடம்’தான். தி. நகரில், ஜவுளிக்கடைக் கூட்டத்தை இடித்துக்கொண்டு நுழைய வேண்டிய ஒரு சந்தில் எங்கள் ஆபீஸ். அங்கே அவருக்குப் பக்கத்து மேஜையில் சில வருஷம் குப்பை கொட்டியவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

யாராவது சுரங்கம் தோண்டக் கிளம்பினால், ‘தோண்டலாம், லாபம் வரும்’ என்று ஒரு சாத்தியக்கூறு அறிக்கை தயாராகும். பணம் போடுகிறவர்கள் அதை எங்களிடம் அனுப்பி, இதில் எங்கே இடிக்கிறது என்று கேட்பார்கள். நிலவியல் படித்த ராயப்பேட்டைக்காரரான மேடம், இந்த வேலைக்காகவே பிறந்தவர்.

ஆபீஸில் பிறந்தநாள் கேக் வெட்டினால், “ஒருவேளை அந்த மெழுகுவத்தி சாஞ்சு ஸ்க்ரீன்ல பட்டுட்டா?” என்பார். சித்திரை வெயிலிலும் பையில் மழைக்கோட்டு இருக்கும். டீ கொண்டுவருகிறவர் ஒருநாள் நொந்துபோய், “இன்னா மேடம், டீயில கூடவா சந்தேகம் கீது?” என்றார்.

“டீயில இல்லப்பா. ஒருவேளை பால் நேத்து வாங்கினதா இருந்தா?”

அவர் முழித்த முழியில் நாங்கள் எல்லோரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டோம்.

அப்படியிருக்க, வெளிநாட்டு மலை ஒன்றில் வரப்போகும் செம்புச் சுரங்கத்தின் அறிக்கை வந்து சேர்ந்தது. பளபளவென்று அச்சு. செம்பு விலை ஏறும், ரோடு வரும், கரண்ட் வரும், எல்லாம் வரும். எங்கள் முதலாளிக்குப் பரம திருப்தி. மேடம் மட்டும் ஓர் இடத்தில் விரலை வைத்து எடுக்கவேயில்லை. செம்பைப் பிரித்தபின் மிஞ்சும் கழிவுச் சேற்றைத் தேக்க ஓர் அணை. சராசரி மழையை வைத்து அதன் உயரத்தைக் கணக்குப் போட்டிருந்தார்கள். அணைக்குக் கீழே ஒரு கிராமம்.

“சராசரி மழைன்னு ஒண்ணு நம்ம ஊர்லயே என்னிக்காவது பெஞ்சிருக்கா சார்?”

முதலாளி கெஞ்சினார். “பெரிய பார்ட்டி மேடம். ‘பரவாயில்லை’ன்னு ஒரு வார்த்தை எழுதிடுங்க. இல்லேன்னா அடுத்த வேலை நமக்கு வராது.”

“வேற யாராவது கையெழுத்துப் போடட்டும் சார். நான் போடமாட்டேன்.”

பணம் போடும் கம்பெனியின் அதிகாரியே நேரில் வந்துவிட்டார். “அவ்ளோ மழை எப்பவோ ஒருதடவைதாங்க வரும். அதுக்காக அணையை மாத்தினா செலவு எங்கயோ போயிடும்” என்றார்.

மேடம் சம்பந்தமில்லாமல் கேட்டார். “சார் வீடு எங்க?”

“வேளச்சேரி.”

“எத்தனாவது மாடி?”

“மூணாவது.”

“கிரவுண்ட் ஃப்ளோர் கிடைக்கலையா?”

“கிடைச்சுது. ஆனா மழை வந்தா...” பாதியில் நிறுத்திக்கொண்டார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

“அந்தக் கிராமத்துல மாடியே கிடையாது சார்.” மேடத்தின் குரலில் கோபமே இல்லை.

அதிகாரி சிரித்தார். பிறகு சிரிப்பு போய், மேஜையில் விரித்திருந்த அணையின் வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சில மாதங்களில் அறிக்கை திருத்தி எழுதப்பட்டது. அணை, ஆளில்லாத பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு மாறியது. சுரங்கம் தள்ளிப்போனது, லாபம் இளைத்தது. ஆனால் அந்தக் கம்பெனி அடுத்த அறிக்கையையும் எங்களுக்கே அனுப்பி, போன தடவை பார்த்தவரே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. முதலாளி இதைத் தன்னுடைய சாமர்த்தியம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த அடுத்த அறிக்கை வந்த அன்று சாயங்காலம் மேடம், அடையாறைத் தாண்டிக் கடற்கரையோரம் இருக்கும் வேளாங்கண்ணி கோயிலுக்குக் கிளம்பினார். நானும் அடையாறு வரை அதே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன். முன்சீட்டில் அவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத ஒருவரிடம் அவரைக் காட்டி, “அவங்க எங்க ஆபீஸ்” என்றேன்.

அந்த மனிதர் என்னிடம் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை.