மாப்பிள்ளை வண்டி ஆயில் குடிக்கும் விவரம்

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் பாப்பாவும் பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் வண்டியும் சௌக்கியம் என்று அடுத்த வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. போனில் சொல்லலாமென்றால் உங்கள் குரலைக் கேட்டதுமே சொல்ல வந்ததை விட்டுவிட்டு மழையைப் பற்றிப் பேசி வைத்துவிடுகிறேன். ஆகவே எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

வண்டி ஆயில் குடிக்கிறது. பெட்ரோலைச் சொல்லவில்லை மாப்பிள்ளை, அதைக் குடிக்கும் என்று தெரிந்துதானே வாங்கினீர்கள். இன்ஜினுக்கு ஊற்றுகிற ஆயில். நீங்கள் வெளிநாட்டுக்குக் கிளம்புகிற அன்று சாவியை என் கையில் வைத்து, “வாரத்துக்கு ஒரு தடவை ஓட்டுங்க மாமா, சும்மா நின்னா கெட்டுப்போயிடும்” என்றீர்கள். அன்றைக்கு வாங்கிய சாவி என் கைக்குக் கனமாகத்தான் இருக்கிறது. ஏறி உட்கார்ந்தால் மாடியிலிருந்து தெருவைப் பார்க்கிற மாதிரி இருக்கும், அவ்வளவு பெரிய வண்டி. யார் மேலாவது உரசிவிடுமோ, யாராவது இதன்மேல் உரசிவிடுவார்களோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டுவேன். அப்படி ஒருநாள் கடைத்தெரு சிக்னலில் நிற்கும்போது வண்டிக்குள்ளே ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. வீட்டுக்கு வந்து வண்டியோடு கொடுத்த புத்தகத்தைப் புரட்டி, பானட்டைத் தூக்கி, ஆயில் பார்க்கிற குச்சியை உருவிப் பார்த்தால் நுனியில் பேருக்கு ஒரு பொட்டு. ஒரு கேன் வாங்கி ஊற்றினேன். சில வாரத்தில் மறுபடியும் விளக்கு, மறுபடியும் கேன். அத்தையின் கண்ணில் படாமல் கேனை பீரோவுக்குப் பின்னால் வைத்தேன், அவளுக்கு ரத்தக்கொதிப்பு என்பது உங்களுக்கே தெரியும்.

நான் குடிநீர் வாரியத்தில் குழாய்க் கசிவு கண்டுபிடிக்கிற வேலையிலேயே தலை நரைத்தவன். ஊரார் குழாயையெல்லாம் கண்டுபிடித்தவன் வீட்டு வாசலில் நிற்கிற வண்டியில் கோட்டை விடுவேனா என்று வெள்ளைப் படுக்கை விரிப்பை அடியில் விரித்து வைத்தேன். அடுத்த நாள் எடுத்துப் பார்த்தால் பூனை ரோமம்தான் இருந்தது, ஒரு சொட்டு ஆயில் இல்லை. கீழே போகவில்லையென்றால் புகையாகத்தான் போக வேண்டும் என்று பக்கத்து வீட்டு டெய்லரை ஸ்கூட்டரில் என் பின்னாலேயே வரச் சொன்னேன். ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கி, “புகை வருதா?” என்று கேட்டால், “பின்னாடியிருந்து பாத்தா செம கம்பீரமா இருக்கு சார், நானே ரெண்டு தடவை மெய்மறந்துட்டேன்” என்கிறார். இவரிடமா கால்சட்டை தைக்கக் கொடுக்கிறேன் என்று நொந்துகொண்டேன்.

தெருமுனை மெக்கானிக் பானட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, “பிஸ்டன் ரிங் போயிருக்கும். இன்ஜினையே இறக்கணும்” என்றார். அது போதாதென்று, “யார் சார் ஓட்டினது?” என்று ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள், அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்களும் அதையேதானே கேட்பீர்கள்! வாயால் கேட்கமாட்டீர்கள், உங்கள் குணம் அப்படி, மனதுக்குள் கேட்பீர்கள். நம்பிக் கொடுத்த வண்டியைக் கிழவர் ஓட்டிக் கெடுத்துவிட்டார் என்று ஒருதரம் உங்கள் மனதில் விழுந்துவிட்டால் நான் எந்த முகத்தோடு உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பேன்? அதுதான் மாப்பிள்ளை என் பயமெல்லாம். இன்ஜின் அப்புறம்.

வாரண்டி இந்த மாதக் கடைசியோடு முடிகிறது என்று பார்த்ததும் அலறியடித்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு ஓடினேன். டை கட்டிய ஒரு பையன் கண்ணாடி அறையில் உட்காரவைத்து காபி கொடுத்தான். “பெரிய இன்ஜின் கொஞ்சம் ஆயில் சாப்பிடத்தான் சார் செய்யும். நார்மல்” என்றான். எவ்வளவு சாப்பிட்டால் நார்மல் இல்லை என்றதற்கு, டெஸ்ட் பண்ணித்தான் சொல்ல முடியும் என்றான். டெஸ்ட் என்பது என்னவென்றால், அவர்களே ஆயிலை நிரப்பி, ஊற்றுகிற மூடிக்கும் அடியில் ஆயிலை வடிக்கிற போல்ட்டுக்கும் சீல் வைத்துவிடுவார்கள். பாதுகாப்புக்காகக் குச்சியை மட்டும் நாம் பார்த்துக்கொள்ளலாம். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போனால் அளந்து பார்த்து, அளவுக்கு மேல் குறைந்திருந்தால் இன்ஜினை இலவசமாகச் சரி செய்வார்களாம். வாரத்துக்கு ஒருநாள் காய்கறி மார்க்கெட் வரை போகிற நான் ஆயிரம் கிலோமீட்டருக்கு எங்கே போவேன்?

போனேன். தனியாக ஓட்ட பயம், அந்தப் பக்கம் இடிக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஆகவே அத்தையிடம் டெஸ்ட் விஷயத்தைச் சொல்லாமல், “வா, சும்மா ஒரு சுத்து போயிட்டு வரலாம்” என்று கூப்பிட்டேன். ஒரு மாதிரி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். அணைக்கட்டுக்குப் போனோம், மலையடிவாரத்துக்குப் போனோம், பக்கத்து ஊருக்குப் போய் ஒரு நூல்கண்டு வாங்கிக்கொண்டு திரும்பினோம். அவள் பிளாஸ்கில் காபி எடுத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, “அங்க பாருங்க, அங்க பாருங்க” என்று எதையாவது காட்டிக்கொண்டே வருவாள். நான் எங்கே பார்த்தேன்? என் கண் முழுக்கக் கிலோமீட்டர் மேல்தான். தினமும் காலையில் குச்சியை உருவுவேன். மாப்பிள்ளை, அதில் ஒரு நூல்கூட ஆயில் இறங்கவில்லை! டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுப்போன குழந்தை மாதிரி, இத்தனை நாள் மடமடவென்று குடித்த வண்டி சீல் வைத்த அன்றிலிருந்து விரதம் இருக்கிறது. குடித்துத் தொலையேன் என்று பானட்டைப் பார்த்து வாய்விட்டே சொன்னேன், டெய்லர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

இன்று காலை ஆயிரத்தைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டேன். அளந்து பார்த்த பையன், “வண்டி பர்ஃபெக்டா இருக்கு சார், ஒரு சொட்டு குறையல. நீங்க தப்பா பாத்திருப்பீங்க” என்று சிரிக்கிறான். எனக்கு வந்ததே கோபம்! “திருட்டுப் பசங்களா, சீல் வைக்கும்போதே ஏதோ தில்லுமுல்லு பண்ணியிருக்கீங்க” என்று அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டுவிட்டு வந்துவிட்டேன். ஆகவே நீங்கள் உடனே கம்பெனி மேலிடத்துக்குக் கடுமையாக ஒரு புகார் எழுதவும். வக்கீல் நோட்டீஸ் என்றாலும் எனக்குச் சம்மதம். நம் வீட்டில் ஒருவரும் அந்த இன்ஜினில் விரல்கூட வைக்கவில்லை என்று எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் ஏறிச் சத்தியம் பண்ணத் தயார். வண்டியை இனிமேல் எடுப்பதில்லை என்று போர்வை போட்டு மூடிவிட்டேன்.

பேத்தியைக் குளிரில் வெறுங்காலோடு ஓடவிட வேண்டாம். பாப்பாவுக்கு எங்கள் அன்பு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் மாமனார்.

பின்குறிப்பு: புகார் எழுத வேண்டாம். எழுதியிருந்தால் அனுப்ப வேண்டாம். இதைப் போட்டோ எடுக்கப் போகும்போது உங்கள் அத்தை வந்து, “நாளைக்கு எங்க போறோம்?” என்று கேட்டாள். “இனிமே எங்கேயும் இல்ல, வண்டியை மூடியாச்சு” என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. “ஏங்க, எண்ணெய்தான் குறையாம நான் பாத்துக்கறேனே!” என்றாள். மூடியில் சீல் இருக்கிறதே, எப்படி ஊற்றினாய் என்றால், “மூடியை யாரு தொட்டா? அந்தக் குச்சி போற ஓட்டை வழியாத்தான். பேத்திக்கு இருமல் மருந்து குடுக்கற சிரிஞ்ச் இங்கேயே கிடந்துச்சு. நீங்க குளிக்கப் போறப்ப கொஞ்சம் கொஞ்சமா விட்டுடுவேன்” என்கிறாள். பீரோவுக்குப் பின்னால் பார்த்தேன், கேன் காலி.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். “குச்சியில கொஞ்சம் குறைஞ்சாலே நீங்க வண்டியை எடுக்க மாட்டீங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இப்பத்தான் என்னை வெளியில கூட்டிட்டுப் போகணும்னு உங்களுக்குத் தோணியிருக்கு. அது எண்ணெயால நின்னு போகணுமா?” என்றாள். டெஸ்டுக்காகத்தான் கூட்டிப்போனேன் என்று அவளிடம் நான் சொல்லவில்லை மாப்பிள்ளை. நீங்களும் சொல்லாதீர்கள், பாப்பாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டவே காட்டாதீர்கள், மறுநிமிடம் அம்மாவுக்குப் போன் போட்டுவிடுவாள். வாரண்டி முடிய இன்னும் நாள் இருக்கிறது. காலையில் போய், திருடன் என்று சொன்ன அதே பையனிடம் மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் சீல் வைத்துத் தரச் சொல்லப் போகிறேன். அத்தையிடம், “எண்ணெய் குறைஞ்சாலும் போவோம், நீ இனிமே ஊத்தாதே” என்று சொல்லிவிட்டேன். எங்கே போகலாம் என்று அவளையே கேட்டேன். கொஞ்சம்கூட யோசிக்காமல், “கடல்” என்றாள். போய்வர ஆயிரம் கிலோமீட்டருக்கு மேலேயே ஆகும்.