பெரிய கிளாக்கர் கான் வெட்டப் போன பட்டியல்

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. மறுநாள் காலையில ஆளுங்கள நிறுத்தி வேலை பிரிக்கிற பெரட்டுல வாசிக்கிற பட்டியல கம்பியூட்டர்ல அடிச்சுக் குடுக்கணும். அவ்வளவுதான்!

எண்பதுகளோட கடைசி. தலவாக்கலைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டம். கொழும்புல மூணு மாசம் பாஸ்கல்ங்கிற கம்பியூட்டர் பாஷை படிச்சிட்டு வந்த மேதை நான். ஆபீஸ்ல ட்ரயல்ல இருந்தேன். பட்டியல் சரியா வந்தா வேலை நிரந்தரம்.

ஆபீஸ் பெரிய கிளாக்கர் அந்தக் கம்பியூட்டர் பெட்டிய மேலயும் கீழயும் பார்த்தாரு. "இருபது வருஷமா கையால எழுதுறேன். இதுக்கு ஒரு மிசினா? பிழை வந்துதுன்னா மம்பட்டியத் தூக்கிட்டு, மழைத் தண்ணி ஓட கான் வெட்டப் போ!"

கொழுப்பப் பாருங்க! பாஸ்கல்ல பாயிண்டர்னா என்னன்னு தெரியுமா இந்த மனுசனுக்கு?

எனக்குத் தெரியும்னு நெனச்சேன்.

பட்டியல அடிச்சு முடிச்சேன். கோவம் ஆறல. சும்மா நான் மட்டும் சிரிக்க ஒரு நகல் எடுத்து, அதுல கான் வெட்டுற முதல் ஆளோட பேர எடுத்துட்டு பெரிய கிளாக்கர் பேரப் போட்டேன். வயிறு வலிக்கச் சிரிச்சேன். பிறகு அசல அச்சடிச்சு உறையில போட்டு ஒட்டிட்டேன். வாசிச்சுப் பார்த்தியான்னு கேக்குறீங்களா? மேதைங்க வாசிக்கிறதில்ல!

காலையில பெரட்டு. கணக்கப்பிள்ளை உறையக் கிழிச்சு சத்தமா வாசிச்சாரு. கொழுந்து பறிக்க ஆளுங்க சரி. தோட்டத்த நடத்துற தொரை தலைய ஆட்டினாரு. நான் நெஞ்ச நிமித்தினேன்.

"கான் வெட்ட... பெரிய கிளாக்கர் ஐயா!"

கூடையோட நின்ன பொம்பளைங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே! "ஐயா, எங்க வீட்டு மம்பட்டியத் தரட்டுங்களா?"ன்னு ஒரு அக்கா வேற.

தொரை என் பக்கம் திரும்பினாரு. "என்னா இது?"

"நகல்லதாங்க தொரை மாத்தினேன். ஆனா அது நகல் இல்லீங்க, பாயிண்டருங்க. லயத்துல ஆளுங்க குடியிருக்கிற காம்பரா நம்பர ரெண்டு துண்டுல எழுதினா காம்பரா ரெண்டாகாதுங்களே? அந்த மாதிரி நம்பரத்தான் நகலெடுத்திருக்கேன். பட்டியல் ஒண்ணுதாங்க. இதுல மாத்தினா அதுலயும் மாறிடும்."

"விளங்குது"ன்னாரு தொரை. "அப்ப கான் வெட்ட ஒரு ஆள் குறையுது. நீ போ. ட்ரயல் முடிஞ்சுது."

மத்தியானம் கானுக்குள்ள முழங்கால் வரைக்கும் சேத்துல நிக்கிறேன். பெரிய கிளாக்கர் மேல வந்து நின்னு ரெண்டு தாள நீட்டினாரு.

"நாளைக்கும் உன் பேருதான் தம்பி. தொரைக்கு ஒண்ணு, கணக்கப்பிள்ளைக்கு ஒண்ணு. தனித்தனியா என் கையால எழுதினது."

பாஸ்கல் படிக்காத மனுசன், சரியா நகலெடுத்திருந்தாரு.