நின்ற நிமிடங்களை மட்டும் பார்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி பயபக்தியோடு, அதிலும் பக்தி கொஞ்சமும் பயம் நிறையவுமாக, எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் உயிரோடு இருக்கிறோம். என் ரத்த அழுத்தம் மட்டும் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணியிலிருந்து என் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே நீ இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படிக்கிறாய் என்று நம்புகிறேன். நின்றுகொண்டிருந்தால் தயவுசெய்து உட்கார். பயப்பட ஒன்றுமில்லை. இருந்தாலும் உட்கார்.

போன வாரம் நீ வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. “இந்த ஒரு ரேஸாவது பாரும்மான்னு பொண்ணு கேக்கறா. நாலு வருஷமா கேக்கறா. எனக்குத் தைரியமே வரல. நீ முதல்ல பாரு. பாக்கற மாதிரி இருந்தா பாக்கறேன். ஆனா ஃபோன்ல சொல்லாத, உன் குரல் நடுங்கினா எனக்கு அங்கேயே மயக்கம் வந்துடும். எழுதி அனுப்பு” என்றாய். பந்தயம் முடிந்ததும் அவளே உன்னைக் கூப்பிட்டு நல்லா இருக்கேன் என்று சொன்னாளாம், நீயும் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் ஃபோனை வைத்துவிட்டாயாம். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆக, பிள்ளை பத்திரம் என்பது தெரிந்த விஷயம். தெரியவேண்டியது ஒன்றே ஒன்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல், “பாத்தியாம்மா?” என்று கேட்கப்போகிறாள். அதற்கு ஆமாம் என்று சொல்வதற்காக அவள் ஓட்டிய இந்தக் கார் பந்தயத்தை நீ பார்க்கலாமா, கூடாதா?

இந்த வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்தது சரிதான். சின்ன வயதிலும் இருட்டு அறைக்குள் போவதென்றால் என்னைத்தான் முதலில் அனுப்புவாய். நானும் கண்ணை இறுக மூடிக்கொண்டு போய்விட்டு வந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று தைரியமாகச் சொல்வேன். அதற்குப் பிறகு முப்பத்தொரு வருடம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக ஊரில் உள்ள லிஃப்டுகளையெல்லாம் சோதித்து, ‘பயன்பாட்டுக்கு உகந்தது’ என்று சான்றிதழ் எழுதிக் கையெழுத்துப் போட்டவன். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன் அக்கா. ஓடாமல் நிற்கும் லிஃப்டில் இதுவரை ஒருவருக்கும் ஒரு சிராய்ப்புக்கூட ஏற்பட்டதில்லை. இந்தக் கொள்கையை மனதில் வைத்துக்கொண்டே பந்தயத்தையும் ஆராய்ந்தேன்.

மூன்று மணிக்கு ஹாலில் டிவிக்கு எதிரே சோபாவில் நேராக உட்கார்ந்தேன். பந்தயத்தில் காட்டும் கொடிகளுக்கு அர்த்தம் சொல்வதற்காக மாடி வீட்டுப் பல் மருத்துவரை அழைத்திருந்தேன். அந்தத் துறையில் அவருக்கு நல்ல ஞானம், ஆனால் எதைக் கேட்டாலும் “ஒண்ணும் ஆகாது சார், லேசா ஒரு சுருக்குன்னு இருக்கும், அவ்வளவுதான்” என்பார். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போதும் இதைத்தான் சொன்னார் என்பதால் நான் அவரை முழுவதும் நம்பவில்லை. மொத்தம் இருபத்திரண்டு கார்கள். நம் பெண்ணுடையது பச்சை. பத்தொன்பதாவதாக நிறுத்தியிருந்தார்கள். பின்னால் வந்து இடிப்பதற்கு மூன்றே பேர்தான் என்று கணக்குப் போட்டு மனதைத் தேற்றிக்கொண்டேன். ஐந்து சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. எல்லாம் அணைந்தால் கிளம்பவேண்டுமாம். எங்கேயாவது சிவப்பு அணைந்தவுடன் எதையும் பார்க்காமல் பாய்வார்களா? இதை யார் சோதித்துச் சான்றிதழ் கொடுத்தார்கள் என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே விளக்குகள் அணைந்துவிட்டன.

முதல் வளைவிலேயே நான்கு கார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. ஒன்று வந்த வழியைப் பார்த்துத் திரும்பி நின்றது. புத்தியுள்ள கார். பச்சை அதில் இல்லை, என் மனைவி பார்த்துச் சொல்லிவிட்டாள். உடனே தலையில் மஞ்சள் விளக்கு சுழலும் ஒரு வண்டி வந்து எல்லோருக்கும் முன்னால் போக, மற்ற கார்கள் அதன் பின்னால் ஒற்றை வரிசையில், யாரும் யாரையும் முந்தாமல், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிப் போயின. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பந்தயம் என்றால் இப்படியல்லவா நடக்கவேண்டும்! கடைசி வரைக்கும் இப்படியே விட்டிருந்தால் நான் உனக்கு இரண்டே வரியில் எழுதி முடித்திருப்பேன். ஆனால் பதினைந்தாவது நிமிடத்தில் அந்த நல்ல வண்டியை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி அவிழ்த்துவிட்டார்கள்.

அடுத்த பதினாறு நிமிடங்களைப் பற்றி என்ன சொல்ல? என் கண் திரையை விட்டு அகலவில்லை. இருந்தாலும் நம் வீட்டுக் குழாய் ஒன்று ஓடிக்கொண்டிருந்ததால் சில விவரங்கள் சரியாகக் காதில் விழவில்லை. நல்லவேளையாக என் மனைவி உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். “கவலைப்படாதீங்க, நம்ம பொண்ணு கடைசில ஓரமா மெதுவா போயிட்டிருக்கா. எல்லாருக்கும் வழி விடறா. பின்னால யாரும் இல்ல” என்றாள். அக்கா, அந்த நேரத்தில் எனக்கு உன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. எப்படி வளர்த்திருக்கிறாய்! பல் மருத்துவருக்கு அப்போது ஏனோ இருமல் வந்து வெகுநேரம் நிற்கவில்லை. இன்னொன்று, ஒரு சுவரில் நூற்று நாற்பத்திரண்டு டைல்ஸ் இருந்தால் மூன்றில் கீறல் விழுந்திருக்கிறது. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை, பயத்தில் கை தானாக எழுதுகிறது.

பிறகு மழை வந்தது. மழை என்றால் சும்மா மழையில்லை, கொட்டோ கொட்டென்று கொட்டியது. “நிறுத்திட்டாங்க! சிவப்புக் கொடி!” என்று என் மனைவி கத்தினாள். முப்பத்தோராவது நிமிடம் முதல் எழுபத்திரண்டாவது நிமிடம் வரை, அடேயப்பா, நாற்பத்தொரு நிமிடம், ஒரு கார்கூட ஒரு அங்குலம் நகரவில்லை. எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். நான்கு பேர் துடைப்பத்தால் தண்ணீரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளினார்கள். அந்தப் பக்கத்திலிருந்து நான்கு பேர் இந்தப் பக்கம் தள்ளினார்கள். ஒருவர் முகத்திலும் பதற்றமில்லை. நம் பெண் குடைக்குக் கீழே நின்று வாழைப்பழம் தின்றாள். இரண்டு பழம். நன்றாகச் சாப்பிடுகிறாள், இளைக்கவில்லை. ஒரு சந்தேகம் மட்டும் வந்தது. கடைசியில் வந்துகொண்டிருந்தவளின் கார் வரிசையில் ஆறாவதாக நிற்கிறதே என்று கேட்டேன். என் மனைவி கொஞ்சம் யோசித்து, “கடைசில வர்றவங்க மனசு நோகக்கூடாதுன்னு நிறுத்தும்போது முன்னாடி நிறுத்துவாங்க” என்றாள். பல் மருத்துவரும் கூரையைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்றார். இவ்வளவு முரட்டு விளையாட்டில் இப்படி ஒரு மரியாதை இருப்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

மழை விட்டதும் மறுபடி ஓட்டம், மறுபடி குழாய்ச் சத்தம். அதுவும் நீடிக்கவில்லை. ஒரு டயர் கம்பெனிக்காரர்கள் விளம்பரத்துக்குக் கட்டியிருந்த பெரிய பலூன், டயர் வடிவத்திலேயே, வீட்டளவு உயரம், கயிற்றை அறுத்துக்கொண்டு பாதைக்குள் வந்து கார்களோடு சேர்ந்து உருள ஆரம்பித்ததாம். ஒரு சுற்று முழுக்க அது நான்கு கார்களுக்கு முன்னால் போனதாம். மறுபடி சிவப்புக் கொடி. நான் பார்க்கும்போது ஆறு ஆட்கள் அதைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். பிடித்தவரை அது தூக்கிக்கொண்டு போய்ப் புல்லில் போட்டது. இதற்கும் அங்கே கூட்டம் கைதட்டுகிறது! இந்த நிறுத்தத்தில் பச்சைக் கார் நான்காவதாக நின்றது. இன்னும் பின்தங்கிவிட்டாள் போலிருக்கிறது என்று நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

கடைசிக் குழப்பம்தான் பெரிய குழப்பம். மழைத் தண்ணீர் இறங்கி, சுற்றுகளை எண்ணும் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அதிகாரிகள் விரல் விட்டு எண்ணியிருக்கிறார்கள். எத்தனை விரல் மடக்கினோம் என்பதில் அவர்களுக்குள் தகராறு வந்து, ஒரு சுற்று பாக்கி இருக்கும்போதே, பந்தயம் முடிந்தது என்று கட்டம் போட்ட கொடியை ஆட்டிவிட்டார்கள். ஒரு சுற்று குறைந்ததே என்று எல்லோரும் சண்டை போட, அந்தக் கொடி ஆட்டிய மனிதரை நான் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டேன். அதன்பின் மூன்று பேரை ஒரு மேடையில் ஏற்றினார்கள், அதில் நம் பெண்ணும் ஒருத்தி. இது என்ன என்று கேட்டதற்கு, பத்திரமாக ஓட்டியவர்களுக்குப் பரிசு என்றாள் என் மனைவி. அப்படி ஒரு பரிசு இருக்கும் என்று எனக்குத் தெரியும் அக்கா, எந்தத் துறையிலும் இருக்கவேண்டியதுதானே. அவளுக்கு மூன்றாவது பரிசு. பத்திரமாக ஓட்டுவதில்கூட இரண்டு பேர் அவளை மிஞ்சிவிட்டார்களே என்பதுதான் என் ஒரே வருத்தம். ஞாயிற்றுக்கிழமை வரும்போது அடுத்த முறை இன்னும் மெதுவாகப் போகச் சொல்.

ஆக, என் முடிவு. பந்தயமாக இது பார்க்கத் தகுந்ததல்ல. ஆனால் நின்றுபோன பந்தயமாக மிக அருமை. பதிவு செய்ததைப் பல் மருத்துவரிடம் கொடுத்து பென் டிரைவில் போட்டு இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நான்காவது நிமிடம் முதல் பதினைந்து வரை, முப்பத்தொன்று முதல் எழுபத்திரண்டு வரை, எண்பத்தெட்டு முதல் நூற்றுப் பத்து வரை, அப்புறம் மேடைக் காட்சி, இவற்றை மட்டும் பார். இவை பயன்பாட்டுக்கு உகந்தவை. மற்றதை ஓட்டிவிடு. ஓட்டும்போதும் திரையைப் பார்க்காதே, ஜன்னலைப் பார். மகள் கேட்டால், பாத்தேன், வாழைப்பழம் நல்லா சாப்பிட்டே என்று சொல். பொய்யும் ஆகாது.

அத்தானிடம் நான் விசாரித்ததாகச் சொல். உன்னை வாழ்த்த எனக்கு வயது போதாது, அதனால் நீயே என்னை வாழ்த்தி ஒரு வரி எழுது. இப்போது எனக்கு அது மிகவும் தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
பயம் இன்னும் முழுதாகத் தெளியாத,
உன் தம்பி

பின்குறிப்பு: அண்ணி, இது நான். இவருக்குப் பசை வாடை ஒத்துக்கொள்ளாது, கவர் ஒட்டுவது எப்போதும் என் வேலைதான். ஒட்டுவதற்கு முன் படித்துவிட்டேன். இதில் ஒரு வரியையும் நம்பாதீர்கள். பந்தயம் ஓடிய ஒரு நிமிடத்தைக்கூட இவர் பார்க்கவில்லை. விளக்கு அணைந்ததும் எழுந்து போய் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் கேட்காமலிருக்கக் குழாயையும் திறந்துவிட்டுக்கொண்டார். டைல்ஸ் கணக்கு அங்கே எடுத்தது. கார்கள் நிற்கும்போதும் வரிசையாக ஊர்ந்து போகும்போதும் மட்டும் வெளியே வருவார். உள்ளே வழுக்கி விழுந்துவிடப் போகிறாரே என்ற பயத்தில் நான்தான் கதவுக்கு வெளியே நின்று மெதுவா போறா, ஓரமா போறா என்று கத்திக்கொண்டிருந்தேன். அவள் மெதுவாகவும் போகவில்லை, ஓரமாகவும் போகவில்லை அண்ணி. பத்தொன்பதாவதாகக் கிளம்பி, அந்த மழையில், ஒவ்வொருவராக முந்தி மூன்றாவதாக வந்தாள். உருண்டு வந்த அந்த பலூனுக்கும் சுவருக்கும் நடுவில் இவள் ஒருத்திதான் புகுந்து போனாள். மருத்துவர் வலிக்காது வலிக்காது என்று தன் கையைத் தானே கிள்ளிக்கொண்டிருந்தார். அதனால் இவர் பார்க்கச் சொன்ன நிமிடங்களை விட்டுவிடுங்கள், விடச் சொன்னதையெல்லாம் பாருங்கள். பயமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

நேற்று அவள் எனக்கு ஃபோன் செய்தாள். மூன்றாவதாக வந்ததைப் பற்றி ஒரு பேச்சில்லை. “அத்தை, அம்மா பாத்தாங்களா?” என்றுதான் கேட்டாள். பாத்தாங்க என்று சொல்லிவிட்டேன். அப்புறம், “எந்த இடத்துல கண்ண மூடிக்கிட்டாங்க?” என்றாள். மூடவே இல்லடி என்று சொல்லிவிட்டேன். அதற்கு அவள் அழுதுவிட்டாள் அண்ணி. ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்துவிடுங்கள்.