பதினோரு அட்டைகள் கிழிந்த விவரம்

அன்பும் பொறுமையும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே என் இடது முழங்கால் நீங்கலாக எல்லோரும் நலம். அங்கே உங்கள் முதுகுத்தண்டும், அதைத் தாங்கிப் பிடித்து நடமாட வைக்கும் உங்கள் மனைவியும், பிள்ளைகள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். மேலே 'பொறுமையும்' என்று போட்டது வெறும் மரியாதைக்காக என்று எண்ணிவிடாதீர்கள், கடிதம் முடிவதற்குள் அது உங்களுக்குத் தேவைப்படும். நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. கெட்ட செய்தி, வண்டி விற்கவில்லை. அது எப்படி விற்காமல் போனது என்பதை, பஸ் டிப்போவில் விபத்து அறிக்கை எழுதுகிற மாதிரி, நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

நீங்கள் போனில் சொன்னது அத்தனையும் எனக்கு மனப்பாடம். உலகத்தில் உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் எல்லாம் மூன்று நாள் ஓரிடத்தில் கூடுகிறார்கள், முதுகு பிடித்துக்கொண்டதால் உங்களால் வர முடியவில்லை, அப்பாவின் வண்டியை உங்கள் பெயரில் நான் கொண்டுபோக வேண்டும், அங்கே ஒரு தாடிக்காரர் வந்து பார்ப்பார், வண்டி ஓடுவதைப் பார்த்துப் பிடித்துப்போனால் சாவியை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும், மற்றபடி நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இதில் எதையும் நான் மீறவில்லை. வண்டியை லாரியில் ஏற்றி, நானும் உங்கள் அக்காவும் லாரியின் முன் சீட்டில் உட்கார்ந்து போனோம். அந்த லாரி டிரைவர் மேட்டில் கியர் மாற்றிய அழகைப் பற்றிக்கூட நான் வாய் திறக்கவில்லை, இரண்டு தடவை பெருமூச்சு விட்டதோடு சரி.

வினை ஆரம்பித்தது உடையில்தான். அழைப்பிதழின் கடைசி வரியில், கலந்துகொள்பவர்கள் தங்கள் வண்டியின் காலத்து உடையில் வரவும் என்று போட்டிருந்தது. அந்தக் காலத்து உடை என்று எங்கள் இருவரிடமும் இருப்பது டிப்போவில் கொடுத்த காக்கிதான். என்னுடையது இடுப்பில் கொஞ்சம் மறுத்தது, உங்கள் அக்காவுடையது அப்படியே பொருந்திவிட்டது. தோல் பையை மாட்டிக்கொண்டாள், விசிலையும் கழுத்தில் போட்டுக்கொண்டாள். விசில் எதற்கு என்று கேட்டேன். உடை என்றால் முழுசாக இருக்க வேண்டும் என்றாள். பணி ஓய்வுக்குப் பிறகு ஒன்பது வருடம் கழித்து அவளை மறுபடி கண்டக்டராகப் பார்த்ததில், மாப்பிள்ளை, உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்குக் கொஞ்சம் பழைய நாள் ஞாபகம் வந்துவிட்டது. மேலே கேட்கவில்லை.

கூட்டம் நடந்த இடம் கைவிடப்பட்ட ஒரு விமானத் தளம். ஓடுபாதையின் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். பதினான்கு நாட்டிலிருந்து தொண்ணூற்று மூன்று வண்டிகள், எண்ணிப் பார்த்தேன். எல்லாமே தரையோடு தரையாக இருக்கிற ஜாதி. ஏறி உட்காருவது என்ற பேச்சே இல்லை, இறங்கித்தான் உட்கார வேண்டும். ஒவ்வொருவரும் தன் வண்டியின் எஞ்சின் மூடியைத் தூக்கி வைத்துவிட்டு, பிறந்த குழந்தையைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் மாதிரி எட்டிப் பார்ப்பதும், தாத்தா சாடை தெரிகிறது என்கிற தோரணையில் தலையை ஆட்டுவதுமாக இருந்தார்கள். எண்ணெய் சொட்டினால் பிடிக்க ஒவ்வொரு வண்டிக்கும் கீழே ஒரு தகரத் தட்டு வைத்திருந்தார்கள். நம் தட்டில் ஒரு சொட்டுகூட விழவில்லை. அதற்குப் பாராட்டுவார்கள் என்று பார்த்தால், நான்கைந்து பேர் குனிந்து பார்த்துவிட்டுச் சந்தேகமாக நிமிர்ந்தார்கள். இந்த வகை வண்டி ஒழுகவில்லை என்றால் உள்ளே எண்ணெயே இல்லை என்று அர்த்தமாம். சங்கத்துச் செயலாளர் நம் மொழி பேசுகிறவர். அவர் வந்து விசாரித்தபோது, வாஷர்களை நான் மாற்றிவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. நல்ல வண்டியை இப்படி ஒழுங்கு பண்ணி வைத்திருக்கிறீர்களே என்று வருத்தப்பட்டார்.

தாடிக்காரர் மாலையில் வந்தார். மார்பு வரை தாடி, கையில் விரல் இல்லாத தோல் உறை. வண்டியை நாலு பக்கமும் சுற்றி, படுத்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார். செயலாளர் மொழிபெயர்த்துச் சொன்னது இவ்வளவுதான். வண்டி பிடித்திருக்கிறது, நாளைய ஓட்டத்தில் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு மறுநாளே கப்பலுக்கு அனுப்பிவிடுவார். அவர் வீட்டில் இதே மாதிரி நாற்பத்தோரு வண்டிகள் கண்ணாடி அறையில் நிற்கின்றனவாம், எதையும் அவர் ஓட்டுவதில்லையாம். உங்கள் அக்கா இதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.  இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டத்தின் விதிகளை முக்கால் மணி நேரம் வாசித்தார்கள். நான் பாதியில் கண்ணயர்ந்துவிட்டேன், அவள்தான் கடைசிவரை உட்கார்ந்து கேட்டாள்.

ஓட்டம் என்றால் முந்துகிற ஓட்டம் இல்லை. நூற்றுப் பத்து கிலோமீட்டர், வழியில் ஐந்து இடத்தில் மேசை போட்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். எந்த மேசைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று ஒரு அட்டையில் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். சீக்கிரம் போனாலும் மார்க் குறையும், தாமதமாகப் போனாலும் குறையும். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதற்குப் பெயர் டைம் ஷீட், இதை வைத்துத்தான் இருபத்தொன்பது வருடம் குடும்பம் நடத்தினேன். தாடிக்காரர் மூன்று வருடமாக ஒரு மார்க்கூட இழக்காதவராம், நான்காவது வருடமும் அப்படியே முடித்தால் சங்கத்துப் பலகையில் அவர் பெயரைப் பொறிப்பார்களாம்.

வண்டிக்கு இரண்டு பேர் கட்டாயம். அட்டையை வைத்துக்கொண்டு நேரம் சொல்ல ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். நீங்கள் அதற்கு யாரையும் சொல்லியிருக்கவில்லை, அதனால் உங்கள் அக்கா உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு ஒரு நிமிடம் கதவின் உள்பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். என்ன என்று கேட்டேன். இந்த சீட்டில் இதுதான் முதல் தடவை என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐம்பத்தேழு வருடம் வீட்டிலேயே இருந்த வண்டி. இரண்டு சீட்டில் ஒன்று அப்பாவுக்கு, ஒன்று உங்களுக்கு, நீங்கள் வராத அன்றைக்கு உங்கள் சீட்டில் ஸ்பானர் பெட்டி போகுமாம். உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை, நீங்கள் சின்னப் பிள்ளை, உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தீர்கள். எல்லோருக்கும் சீட் இருக்கிற வண்டியில்தான் வேலைக்குப் போவேன் என்று அவள் வேலைக்குச் சேரும்போது அப்பாவிடம் சண்டை போட்டதை நான் அதுவரை விளையாட்டுப் பேச்சு என்றே நினைத்திருந்தேன். கியரில் கை வைத்தபடியே அவளைத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் அவள் விசில் ஊதிவிட்டாள், கிளம்பினோம்.

முதல் இரண்டு மேசைக்கும் நொடி பிசகாமல் போய்ச் சேர்ந்தோம். மூன்றாவதுக்குப் போகிற வழியில் சாலை குறுகல். செங்கல் ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் ஆமை மாதிரி போக, அதன் பின்னால் நாங்கள், எங்களை ஒட்டித் தாடிக்காரர், அவருக்குப் பின்னால் இன்னும் பத்து வண்டிகள். ஒரு வழியாக டிராக்டர் வயலுக்குள் திரும்பியது. திரும்பிய இடத்தில் ஒரு பஸ் ஸ்டாப். ஸ்டாப்பில் ஏழெட்டுப் பேர். மாப்பிள்ளை, நான் பொய் சொல்ல மாட்டேன், என் கால் என்னைக் கேட்கவில்லை. ஆள் நிற்கிற ஸ்டாப்பை நிற்காமல் தாண்டினான் என்று என் பேரில் இன்றுவரை ஒரு புகார் கிடையாது. ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். பை வைத்திருந்த ஒருவர் கிட்டே வந்து வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி வழியாகப் போகுமா என்று கேட்டார். உங்கள் அக்கா இறங்கி நின்று, "சீட் இல்லைங்க, அடுத்த வண்டியில வாங்க" என்றாள். அவரும் சரி என்று பின்னால் நின்ற தாடிக்காரரிடம் போய்க் கேட்டார்.

இனிமேல் நடந்ததுதான் அறிக்கையின் முக்கியப் பகுதி. பின்னால் வந்தவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். காக்கி உடை, தோல் பை, கழுத்தில் விசிலோடு ஒரு அம்மா ஸ்டாப் கூரைக்குக் கீழே நிற்பதைப் பார்த்தால் வேறு என்ன நினைப்பார்கள்? மூன்றாவது மேசை இதுதான், மேசையை மட்டும் இன்னும் போடவில்லை என்று நினைத்துவிட்டார்கள். தாடிக்காரர் முதலில் வந்து அட்டையை நீட்டினார். எங்கள் டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. இறங்குகிறவர்களிடம் டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, மறுபடி அதை வைத்துப் போக முடியாதபடி மூலையைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். உங்கள் அக்கா அட்டையை வாங்கினாள், தேதியைப் பார்த்தாள், மூலையை டர்ரென்று கிழித்தாள், கையில் கொடுத்தாள். தாடிக்காரர் நன்றி சொல்லிக் கும்பிடாத குறையாகத் தன் வண்டிக்குத் திரும்பினார். பின்னாலேயே மற்ற பத்துப் பேரும் வரிசையில் நின்று, ஆளுக்கொரு அட்டையாகக் கிழித்து வாங்கிக்கொண்டார்கள். மொத்தமே மூன்று நிமிடம், முழு பஸ்ஸையே அவள் நான்கு நிமிடத்தில் முடிக்கிறவள். நான் சீட்டில் இருந்தபடி கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தப்பாகவே படவில்லை. அதுதானே முறை.

நின்ற மூன்று நிமிடத்தை அடுத்த மேட்டில் எடுத்துவிட்டேன். நிஜமான மூன்றாவது மேசைக்குச் சரியான நொடியில் போய் நின்றோம். எங்கள் அட்டையில் முத்திரை குத்தினார்கள். அடுத்து வந்த தாடிக்காரரின் அட்டையைப் பார்த்த ஆள் எழுந்து நின்றுவிட்டார். அட்டை கிழிந்தாலோ நனைந்தாலோ அந்த வண்டி போட்டியில் இல்லை, ஏழாவது விதி. தாடிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அவருக்குப் பின்னால் வந்த பத்து அட்டையும் அதே மூலையில் அதே அளவு கிழிந்திருந்தது.

மாலையில் கூடாரத்தில் பஞ்சாயத்து. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அடுத்தவர் அட்டையைக் கிழித்தால் என்ன தண்டனை என்று விதிகளில் தேடினார்கள், இதுவரை யாரும் கிழித்ததில்லை என்பதால் எழுதவில்லையாம். உங்கள் அக்காவைக் கேட்டார்கள். அவள் எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு, "இருபத்தாறு வருஷப் பழக்கம். யார் டிக்கெட்டை நீட்டினாலும் விரல் தானா கிழிச்சிடுதுங்க" என்றாள். செயலாளர் அதை நாலைந்து மொழியில் மாற்றிச் சொல்ல, கூடாரமே இளகிவிட்டது. கிழிபட்டவர்களில் இரண்டு பேர் வந்து அவளோடு படம்கூட எடுத்துக்கொண்டார்கள். தாடிக்காரர் மட்டும் இளகவில்லை. பேச எழுந்தவரின் தாடி ஆடிய ஆட்டத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. செயலாளர் என் காதில், "இந்தக் குடும்பத்துகிட்ட ஒரு நட்டு போல்ட்டுகூட வாங்கமாட்டேன்கிறார்" என்றார். சாவி என் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது.

எங்களையும் முடிவுப் பட்டியலில் சேர்க்கவில்லை, விருந்தினர் என்று போட்டுவிட்டார்கள். ஆனால் கிளம்பும்போது செயலாளர் தனியாகக் கூப்பிட்டு, ஐந்து மேசையிலும் ஒரு நொடிகூடப் பிசகாத வண்டி நம்முடையது ஒன்றுதான் என்றார். அதை எந்தப் பலகையிலும் பொறிக்கப் போவதில்லை, ஆகவே உங்களுக்காவது எழுதி வைக்கிறேன்.

உங்களுக்கு எவ்வளவு ஏமாற்றமாக இருக்கும் என்று தெரியும். என்னை நம்பி ஒப்படைத்தீர்கள், பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. தப்பு முழுக்க என் காலுடையது, நான் நிறுத்தாமல் போயிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. உங்கள் அக்காவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், பழக்கத்துக்கு யார் என்ன செய்ய முடியும்? வண்டியைத் துடைத்து, உறை போட்டு, ஷெட்டில் பூட்டி வைத்திருக்கிறேன். வேறு யாரையாவது அனுப்பினால் நான் மட்டும் தனியாக நின்று காட்டுகிறேன். காக்கியையும் விசிலையும் பரணில் ஏற்றிவிட்டேன்.

உங்கள் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் படிப்பிலும் உயரத்திலும் வளரட்டும். உங்கள் முதுகு நிமிர்ந்து, நீங்கள் நூறு வயது வரை கை வீசி நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடக் கொடுத்தேன். உங்கள் அக்கா உட்கார்ந்து முழுக்கப் படித்துவிட்டாள். 'பழக்கம்' என்று நான் எழுதிய இடத்தில் எல்லாம் சிரிக்கிறாள். கேட்டேன். "பழக்கமாவது ஒண்ணாவது. தாடிக்காரர் அட்டையைத் தெரிஞ்சுதான் கிழிச்சேன். மத்த பத்தும் சந்தேகம் வரக்கூடாதேன்னு கிழிச்சது" என்கிறாள். அந்தப் பத்துப் பேரை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது, அவளுக்கும் இருக்கிறதாம், ஆனால் கொஞ்சம்தானாம். இனி ஆள் யாரையும் அனுப்ப வேண்டாம் என்று உங்களுக்கு எழுதச் சொல்கிறாள். "வண்டி வேணும்னா தம்பியே வந்து ஓட்டிட்டுப் போகட்டும். பக்கத்து சீட்டுல நான் உக்காந்து வருவேன், எவ்வளவு தூரமானாலும் சரி" என்கிறாள். மேலே ஷெட்டில் பூட்டியிருக்கிறது என்று எழுதியதை அடித்துவிடவும். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதற்கு அதில்தான் கிளம்புகிறோம், அவள் ஏற்கெனவே போய் உட்கார்ந்துவிட்டாள்.