ஆறு பூஜ்ஜியங்கள்

கணினி மறுபடியும் ஆறு பூஜ்ஜியங்களைத் துப்பியது.

"அப்போ நம்ம பாலம் காத்துல மிதக்குதுங்கிறியா?" என்றார் முதலாளி அம்போன்சா.

"நான் சொல்லல பாஸ், கணக்கு சொல்லுது," என்றாள் பொறியாளர் அஃப்ரியே.

கானா நாட்டின் குமாசிச் சந்தையோரத்து நடைபாலத்துக்கு நாளை திறப்பு விழா. ஊர்த்தலைவரான சீஃப் குடையோடு வருவார், பின்னால் முரசுக்காரர்கள் ஆடிக்கொண்டே வருவார்கள். எந்தப் பாலத்துக்கும் சொந்தமாக ஓர் ஆட்டம் உண்டு. முரசின் தாளம் அதோடு ஒத்துப்போனால் பாலமும் சேர்ந்து ஆடும். அந்த வேகத்தைக் கண்டுபிடிக்கப் பாலத்தைக் கணினியில் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, ஐகன் மதிப்பு எனும் ஆட்ட எண்களைக் கணக்கிட்டு, கையெழுத்துப் போடுவது அஃப்ரியேயின் பொறுப்பு. நேரில் போய்ப் பார்த்ததை மட்டுமே மாதிரியில் வைத்திருந்தாள். பாலத்தின் முனைகளை விழாத் துணி மூடியிருந்ததால், அங்கே எந்தப் பிடிமானத்தையும் வைக்கவில்லை. பிடிமானமே இல்லாமல் மிதக்கும் பொருளுக்கு முதல் ஆறு மதிப்பும் பூஜ்ஜியமாகத்தான் வரும்.

முதலாளிகளுக்குப் பூஜ்ஜியம் ஆகாது. அம்போன்சா வேறு முறையில் போடச் சொன்னார். கணினி உறைந்து நின்றது. அவரே கணினி முன் உட்கார்ந்து மாதிரியின் முனைகளில் குத்துமதிப்பாக நாலு ஸ்பிரிங் வைத்தார். பூஜ்ஜியங்கள் ஓடிப்போயின, பாலத்தின் ஆட்டம் முரசின் தாளத்துக்கே கச்சிதமாக வந்து நின்றது. அவசரமாக ஸ்பிரிங்குகளைப் பிடுங்கினார்.

"சரி, அந்த ஆறையும் அழிச்சிடு. ஏழாவதை முதல்னு போடு."

"அழிச்சா பாலம் கீழ ஒட்டிக்குமா?"

"துணிக்குள்ள போல்ட்டு இருக்கும்மா. இருக்குன்னு வச்சுக்கோயேன்."

"துணிய அவுத்துக் காட்டச் சொல்லுங்க, வச்சுக்கறேன்."

விழாவுக்குக் கட்டியதை அவிழ்ப்பதா என்று அவர் குதித்தார். கையெழுத்து இல்லையென்றால் திங்கட்கிழமை வரவே வேண்டாம் என்றார்.

அஃப்ரியேவுக்கும் வேலை போய்விடுமோ என்ற பயம்தான். இந்த வேலை கிடைக்க அவள் ஏறி இறங்காத படி இல்லை. தப்பு தன் மாதிரியில்தானோ என்றும் ஒரு சந்தேகம். ஆனாலும் பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள்.

"வரல பாஸ். கண்ணால பாக்காத போல்ட்டுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரம் என்பதால் கென்கே என்ற மக்காச்சோள உருண்டையைப் பிரித்து மீனோடு சாப்பிட உட்கார்ந்தாள்.

கதவைத் திறந்து லாரி டிரைவர் இத்ரிசு தலையை நீட்டினான்.

"பாஸ், பாலத்தோட ரெண்டு முனைக்கும் மாட்டுற போல்ட்டு மூட்டை இன்னும் என் லாரியிலேயே கெடக்கு. எங்க எறக்கட்டும்?"