செங்குழியத்தின் மரண அறிவித்தல்

எங்கள் ஆட்கள் ஃபேஸ்புக்கில் வேறெதையும் ஒழுங்காக வாசிக்க மாட்டார்கள். மரண அறிவித்தலை மட்டும் கடைசி வரி வரைக்கும் வாசிப்பார்கள். வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் அம்மாவின் காலை அப்படித்தான் தொடங்கும். ஒரு கையில் தேத்தண்ணி, மற்றக் கையில் போன். "ஆரடி இது, எங்கட சுன்னாகத்து ஆக்களோ?" (பெரும்பாலும் இருக்காது. ஆனாலும் ஒரு 'ஐயோ பாவம்' கட்டாயம் உண்டு.)

இதை வைத்துப் பாடம் நடத்தலாம் என்று நினைத்த ஒரே முட்டாள் ஆசிரியை நான்தான்.

அப்போது எனக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் வேலை. இன்னும் நிரந்தரமாக்கவில்லை. அந்த மாதக் கடைசியில்தான் அதிபர் முடிவு சொல்வார். அதிபர் என்றாலே எனக்கு உதறல். அவர் சத்தம் போடுவதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான்.  ஆசிரியர் கூட்டத்தில் ஒருநாள் சொன்னார்: "பிள்ளையள் முழுநாளும் ஃபேஸ்புக்கிலதான் கிடக்குதுகள். அங்கயே போய்ப் படிப்பியுங்கோ."

போனேன். குருதியின் கூறுகளைப் படம் கீறிப் போட்டேன். இரண்டு லைக் விழுந்தன. ஒன்று அம்மாவுடையது, மற்றது என்னுடையது.

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. குருதிச் சிவப்பணுவான செங்குழியம் பிறக்கிறது, ஓடி ஓடி உழைக்கிறது, சாகிறது. அறிவித்தல் போட வேறென்ன வேண்டும்? என் போனில் ஒரு வடிவான அறிவித்தல் கிடந்தது. மூலையில் தாமரை, பக்கத்தில் குத்துவிளக்கு. சில மாதங்களுக்கு முன் அதிபரின் தாயார் காலமானபோது ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. (ஓம், அதையேதான் எடுத்தேன். ஏச வேண்டுமானால் இங்கே நிறுத்தி ஏசிவிட்டு மேலே வாசியுங்கள்.) பெயரையும் படத்தையும் அழித்துவிட்டு, நடுக்குழி விழுந்த ஒரு சிவப்பு வட்டத்தை ஒட்டி, இப்படி எழுதினேன்:

"என்பு மச்சையைப் பிறப்பிடமாகவும் குருதிக் கலன்களை வதிவிடமாகவும் கொண்ட திரு. செங்குழியம் அவர்கள் காலமானார். ஒட்சிசன் காவுவதையே வாழ்நாள் தொண்டாகக் கொண்டவர். கரு இல்லாத காரணத்தால் அன்னாருக்கு வாரிசு இல்லை. அன்னார் எந்த உறுப்பில் அழிந்தார்? விடை தெரிந்தோர் உடன் அறியத்தரவும்."

எல்லோரும் பார்க்கட்டும் என்று பொதுவில் போட்டுவிட்டு, பெருமையோடு நித்திரைக்குப் போனேன்.

விடிந்ததும் அம்மா வந்து நின்றார். "செங்குழியமாம், ஆரடி இது? என்பு மச்சை எங்க இருக்கு, தீவுப்பக்கமோ? லண்டன் மாமி அனுதாபம் போட்டிருக்கிறா." எலும்புக்குள் இருக்கும் மச்சையை அம்மா ஊராக்கிவிட்டதை நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்கும்போதே என் மாணவி ருஷ்தாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"மிஸ், ஆன்ஸர் மண்ணீரல்தானே? நான் கோல் எடுத்துச் சொன்னேன். ஒரு அங்கிள் ஏசிட்டு வெச்சிட்டார்."

"எந்த நம்பருக்கு?"

"நீங்க கீழ போட்ட நம்பர்தான் மிஸ். க்ளாஸ்ல எல்லாரும் எடுத்தோம். கனடா நம்பருக்கும் ரெண்டு பேர் எடுத்தாங்க."

கீழேயா? படத்தைத் தள்ளிப் பார்த்தேன். 'தொடர்புகளுக்கு: மகன் – இலங்கை, மகள் – கனடா.' பக்கத்தில் தொலைபேசி இலக்கங்கள் பளிச்சென்று இருந்தன. மேலே எல்லாவற்றையும் அழித்தவள் அடியை எட்டிப் பார்க்கவேயில்லை.  வேலை போய்விடும் என்ற பயம் பிறகுதான் வந்தது. செத்துப்போன தாயின் அறிவித்தலில் விளையாடிவிட்டேனே என்ற பயம்தான் முதலில் வந்தது.

"என்னடி முகம் வெளிறிப் போச்சு? ஆர் செத்தது?" என்றார் அம்மா.

"நான்தான்."

பதிவை அழித்துவிட்டு பஸ் ஏறினேன். வாசலிலேயே ஒட்டிக்கொண்டு நின்றவளை கண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன, மிஸ்" என்று சிங்களத்தில் முன்னே போகச் சொன்னார். எனக்கோ பின்பக்கமாக இறங்கி அப்படியே ஊரைவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

அதிபர் அறைக்குள் போனபோது அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன். மேசையில் அவருடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அங்கிள், மண்ணீரல்!"

"கல்லீரலும்," என்றார் அதிபர். "ரெண்டையும் எழுதும்." வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "விடியக் காலமையில இருந்து கேட்டு எனக்கே பாடமாப் போச்சு, மிஸ்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர்" என்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்குச் சொல்லி என்ன? அம்மாவின்ர நோட்டீசும் என்ர நம்பரும் திரும்ப வந்ததைக் கண்டிட்டு, நான்தான் செத்திட்டன் எண்டு தங்கச்சி குளறி அழுதிட்டாள். அவளுக்குச் சொல்லுங்கோ." அவரே அழைப்பெடுத்துப் போனை என் கையில் தந்தார்.

கனடாவில் இருந்த அந்தத் தங்கச்சியிடம், அவருடைய தாயின் தாமரைக்குக் கீழே நான் ஒரு செங்குழியத்தை வைத்த கதையை முழுவதும் சொன்னேன்.   

"அப்ப பிள்ளை," என்றார் கடைசியில், "அன்னாருக்கு எட்டுச் செலவு எப்ப?"

செத்த வீட்டு எட்டாம் நாள் சடங்குக்கு நாள் கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. அதிபர் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். இந்தமுறை கண்ணைத் துடைத்தார்.

வேலை போகவில்லை. நிரந்தரமாவது மட்டும் மூன்று மாதம் தள்ளிப்போனது. ஆனால் தண்டனை பாக்கியிருந்தது. தாயாரின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி நோட்டீசை நானே செய்ய வேண்டும் என்று தங்கச்சி பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். பத்துத் தடவை சரிபார்த்து, கொண்டுபோய்க் காட்டினேன். அதிபர் கடைசி வரியை மட்டும் மாற்றச் சொன்னார். தொடர்புகளுக்கு என் இலக்கமாம்.

அது ஃபேஸ்புக்கில் ஏறிய அன்று முழுக்க எனக்கு அழைப்புகள். துக்கம் விசாரித்தவர்களுக்கு நடுவில் என் வகுப்பும் வரிசையாக வந்தது: "மிஸ், மண்ணீரல்!"

இன்றைக்கும் தெரியாத இலக்கம் ஒன்று திரையில் வந்தால் எடுக்கத் தயங்கிக்கொண்டு நிற்பேன். அம்மா குசினிக்குள் இருந்து கத்துவார்: "எடடி! கல்லீரலையும் மறக்காமச் சொல்லு!"